ஏக்கர் கணக்கில் இல்லாதவர்கள்: காவிரி ஒத்துழைப்பும் கடைமடை தலித்துகளும்

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுமா என்பது தஞ்சைப் பகுதியில் ஆண்டுதோறும் எழும் கேள்வி. திறக்கப்பட்டால் அமைச்சர்களும் அதிகாரிகளும் மதகின் மேல் நின்று மலரும் நெல்மணியும் தூவுவார்கள். மூன்று நான்கு நாட்களில் நீர் கல்லணையை எட்டும். அங்கும் மலர் தூவப்படும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் பிரிகிறது. காவிரியின் கிளையாறுகளும் அவற்றின் வாய்க்கால்களும் கிழக்கே செல்லச் செல்லச் சிறுத்து, மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடி வட்டத்தின் கடலோரத்தில் முடிகின்றன. அந்த முடிவிடத்தில் இருக்கிறது திருக்கடையூர். அமுத குடம் பெயர்க்க முடியாமல் நிலைத்துவிட்ட தலம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். மணிவிழாவுக்காக நாள்தோறும் வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் ஊர். அவ்வூரைச் சுற்றியுள்ள வயல்களுக்கு நீர் என்று வந்தது, எவ்வளவு வந்தது என்பதை எந்த விழாவும் அறிவிப்பதில்லை.

காவிரிச் சிக்கலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கர்நாடகம் எவ்வளவு தர வேண்டும், எவ்வளவு தந்தது என்ற கணக்கோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கணக்கு தேவையானது. அதில் தமிழ்நாட்டின் உரிமை நியாயமானது. ஆனால் அரசுகளுக்கிடையிலான இந்த ஒத்துழைப்பு எந்த அலகைக் கொண்டு நீரை அளக்கிறது, அந்த அலகுக்குள் யார் அடங்குகிறார்கள், யார் அடங்குவதில்லை என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. கீழைத் தஞ்சையின் வயல்களில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து வாழும் தலித் மக்களுக்கு இதுவே முதன்மையான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் பட்டியலினத்தவர் ஏறத்தாழ 31 விழுக்காடு; மாநில அளவில் 20 விழுக்காடு. நீருக்காக ஏங்கும் மண்ணில் இத்தனை பேர் வாழ்ந்தும், நீர்ப் பங்கீட்டு ஆவணங்களில் அவர்கள் ஒரு தரப்பாக எங்கும் இடம்பெறவில்லை.

இன்றைய ஏற்பாடு இயங்கும் விதத்தை முதலில் பார்ப்போம். மாநிலங்களுக்கிடை நதிநீர்த் தகராறுகள் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2ஆம் நாள் அமைக்கப்பட்டது. 1991 ஜூனில் 205 டிஎம்சி என்று இடைக்காலத் தீர்ப்பு. 2007 பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பு. ஆற்றில் கிடைக்கும் மொத்த நீர் 740 டிஎம்சி எனக் கொண்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று மன்றம் பிரித்தது. சுற்றுச்சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும் சேர்த்து 14 டிஎம்சி ஒதுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு அரசிதழில் வெளியாவதற்கே 2013 பிப்ரவரி ஆகிவிட்டது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்தது; எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் வழங்க வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 டிஎம்சி ஆக்கியது.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால்தான் ஒரு டிஎம்சி சேரும். 177.25 டிஎம்சி மாதவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்றவாறு. இதைக் கண்காணிக்க 2018 ஜூன் 1ஆம் நாள் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் துணையாக ஒழுங்காற்றுக் குழு ஒன்றும் உள்ளது. ஆணையத்தில் தலைவர், முழுநேர உறுப்பினர்கள், ஒன்றிய அரசின் அதிகாரிகள், நான்கு மாநில நிர்வாகங்களின் நீர்வளத்துறைச் செயலர்கள் ஆகியோர் உள்ளனர். பொறியியல், நிர்வாகம், வேளாண்மை ஆகிய மூன்று அறிவுத்துறைகளும் அங்கே அமர்ந்திருக்கின்றன. உழைப்பின் பக்கமிருந்து பேசுவதற்கு அங்கே நாற்காலி கிடையாது.

பற்றாக்குறை ஆண்டில் அவரவர் பங்கை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது நடுவர் மன்றத்தின் விதி. ஒவ்வொரு வறட்சியிலும் சண்டை இங்கேதான் மூள்கிறது. 2023இல் மேட்டூர் உரிய நாளில் திறக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆகஸ்ட் இறுதியில் வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாட்களுக்கு விட ஒழுங்காற்றுக் குழு சொன்னது. செப்டம்பர் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அம்மாத இறுதியில் பெங்களூரிலும் கர்நாடகம் முழுவதிலும் முழு அடைப்பு நடந்தது. அக்டோபர் 10ஆம் நாள் பாசனத்துக்கான மேட்டூர்த் திறப்பு நிறுத்தப்பட்டது. நாற்று கருகிய குறுவை வயல்களின் படங்கள் நாளேடுகளில் வந்தன. கருகிய நாற்றை நட்டிருக்க வேண்டிய கைகள் அந்தப் பருவத்தில் எத்தனை நாள் வேலையிழந்தன என்பதைக் கணக்கிட எந்த அதிகாரியும் அனுப்பப்படவில்லை.

1892: ஓர் அரசின் இரண்டு ஆவணங்கள்

காவிரி வழக்கின் வேர் 1892இல் இருக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னை மாகாண அரசும் மைசூர் சமஸ்தானமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சென்னையின் ஒப்புதலின்றி மைசூர் புதிய பாசனப் பணிகளை மேற்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். எனினும் சென்னை நினைத்தபடியெல்லாம் ஒப்புதலை மறுத்துவிட முடியாது. ஏற்கெனவே பெறப்பட்டு நடைமுறையில் இருக்கும் அனுபவப் பாத்தியதையைக் காப்பதற்காக மட்டுமே மறுக்கலாம். இந்த ஏற்பாட்டின் மேல்தான் 1924 உடன்படிக்கை கட்டப்பட்டது. கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும் அதன் வழி எழுந்தன.

அனுபவப் பாத்தியதை யாருடையது? சட்ட மொழியில் அது சென்னை அரசுடையது. உண்மையில் அது நீர் பாயும் நிலத்தை உடையவர்களுடையது: மிராசுதாரர்கள், கோயில்கள், மடங்கள். அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பறையர், பள்ளர் ஆகிய தலித் சாதியினர். ஆறு ஆயிரம் ஆண்டு ஓடினாலும் அவர்களுக்கு அனுபவப் பாத்தியதை உண்டாகாது. நிலத்தின் வழியாக அல்லாமல் நீர்மேல் உரிமை கோரும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை.

அதே 1892இல், செப்டம்பர் 30ஆம் நாள், அதே சென்னை அரசு இன்னோர் ஆணையையும் பிறப்பித்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் முந்தைய ஆண்டு அனுப்பிய அறிக்கையின் விளைவாக, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் வழங்கவும், அந்நிலம் பிறரிடம் போய்ச் சேராதிருக்க நிபந்தனை விதிக்கவும் வழிசெய்த ஆணை அது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அந்நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது தனி வரலாறு. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆற்றுநீரின் உரிமையை ஓர் ஆவணம் உறுதி செய்தபோது அதில் நிலமுள்ளவர் காக்கப்பட்டார். நிலமற்றவருக்கு நிலம் தர இன்னோர் ஆவணம் வந்தபோது அது தரிசு நிலமாக இருந்தது. ஒரே ஆண்டில், ஒரே அரசில், இவ்விரு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இன்றுவரை சந்திக்கவில்லை என்பது என் கருத்து.

நடுவர் மன்றமும் இந்தத் தடத்திலேயே நடந்தது. தமிழ்நாட்டின் பங்கு எப்படிக் கணக்கிடப்பட்டது? 24.71 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு என்று ஏற்றுக்கொண்டு, அதில் எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று பெருக்கி வரப்பட்டது. கர்நாடகத்துக்கு 18.85 லட்சம் ஏக்கர். குடிநீருக்கும் தொழிலுக்கும் சிறு ஒதுக்கீடுகள் போக, எஞ்சிய எல்லாம் ஏக்கர். இந்தியாவில் பட்டியலினத்தவரின் கையிலுள்ள சாகுபடி நிலம் மொத்தப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2015–16 வேளாண் கணக்கெடுப்பு காட்டுகிறது. மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு. ஏக்கரை அலகாகக் கொண்டு வழங்கப்படும் எந்த நீதியும் இந்தச் சமனற்ற நிலவுடைமையை அப்படியே நீரிலும் படியெடுக்கும்.

2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆற்றுநீர் எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து அல்ல என்றும், நியாயமான பங்கீடே அடிப்படை என்றும் சொன்னது. நல்ல கோட்பாடு. ஆயினும் அந்த நியாயம் மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே நின்றுவிட்டது. அதே தீர்ப்பு தமிழ்நாட்டுப் பகுதியில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பதாகக் கொண்டு, அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் சேர்த்தது. தமிழ்நாடு இழந்த 14.75 டிஎம்சியில் 10 இவ்வாறு போனது, 4.75 பெங்களூருவின் குடிநீருக்காகப் போனது. குடிநீருக்கு முன்னுரிமை என்பதை மறுக்க நான் துணியமாட்டேன். நிலத்தடி நீர்க் கணக்குதான் கடைமடையில் இடறுகிறது. தஞ்சைக்கு மேற்கே ஆழ்துளைக் கிணறு வைத்து, கட்டணமில்லா மின்சாரத்தில் குறுவை எடுப்பவருக்கு அந்த 10 டிஎம்சி உண்மையான நீர். கடலோரத்தில் தோண்டினால் பல இடங்களில் உப்புநீர்தான் வருகிறது. அங்கே வாய்க்கால் நீர் தவறினால் மாற்று கிடையாது. இன்னும் ஒன்று: ஆழ்துளைக் கிணறு யாருக்குச் சொந்தம்? அதுவும் பட்டாவைப் பின்தொடர்கிறது.

கடலோர நீர் உப்பானதில் மனிதர் கைவரிசையும் உண்டு. 1990களில் நாகை மாவட்டக் கடலோரத்தில் விளைநிலங்கள் இறால் பண்ணைகளாக மாற்றப்பட்டபோது, குடிநீர்க் கிணறுகளும் வயல்களும் உப்பாகின. கூலி வேலை போனது. போராட்டத்தில் முன்னின்றவர்களில் தலித் பெண்கள் மிகுதி. லாஃப்டி அமைப்பின் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடையின் பல்லைப் பிடுங்கிவிட்டது. நீதிமன்றத்தில் வென்றதை நாடாளுமன்றத்தில் இழந்ததற்கு இது ஒரு பாடம்.

கல்லணைக்குக் கீழே தீர்ப்பு கிடையாது

பிலிகுண்டுலுவில் நாள்தோறும் நீர் அளக்கப்படுகிறது. ஒரு கன அடி குறைந்தால் ஆணையத்தில் முறையிடலாம், உச்ச நீதிமன்றம் செல்லலாம். அதே நீர் கல்லணையைக் கடந்த பிறகு, தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே இவ்வளவு என்று வகுக்கும் நடுவர் மன்றம் ஏதுமில்லை. நீர்வளத்துறை முறைப்பாசனம் வைக்கிறது. இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று. அது நிர்வாக முடிவு. கடைமடைக்கு நீர் வரவில்லை என்றால் சாலை மறியல் செய்யலாம். சட்டப்படி கேட்பதற்கான தெளிவான வாசல் குறைவு.

வீரசோழன், மஞ்சளாறு, மகிமலையாறு ஆகியவற்றை நம்பியிருக்கும் தரங்கம்பாடி வட்டத்து ஊர்களில் தலித் குடும்பங்கள் சிலவற்றிடம் சிறு துண்டு நிலங்கள் உண்டு. அரசு ஒப்படை செய்தவையாகவோ, கோயில் நிலக் குத்தகையாகவோ, வாய்மொழிக் குத்தகையாகவோ அவை இருக்கும். வாய்க்காலின் வாலில் இருக்கும் அத்துண்டுகளுக்கு நீர் கடைசியாக வந்து சேரும். நவம்பரில் மழை கொட்டும்போது வடியாத வெள்ளம் முதலில் அங்கேதான் தேங்கும். கிளை வாய்க்காலில் மேலே உள்ளவர் கள்ளமடை வைத்தால் கீழே உள்ளவர் கேட்க வேண்டும். கேட்பவர் சேரியைச் சேர்ந்தவர், கேட்கப்படுபவர் அவருக்கு நாளைக்கு வேலை தருபவர் என்றால் அந்தக் கேள்வி வாயிலேயே நின்றுவிடும். எங்களைப் போன்ற வழக்குரைஞர்களிடம் அது வந்து சேரும்போது, அது நீர்த் தகராறாக வருவதில்லை. அடிதடி வழக்காகவோ, சாதிப் பெயர் சொல்லித் திட்டிய புகாராகவோ வருகிறது. மடைதான் காரணம் என்பது விசாரித்த பிறகே தெரியும்.

நீரை நிர்வகிக்கும் உழைப்பு மட்டும் எப்போதும் இவர்கள் தலையில் இருந்திருக்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளாகப் பணியாற்றியவர்கள் தலித்துகள். குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசப்படும் வழக்கத்துக்கு ஆங்கிலேயர் சட்ட வடிவம் தந்தபோது அச்சட்டத்துக்கு இட்ட பெயரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், 1858. யாருடைய உழைப்பு கட்டாயமானது என்று விளக்க வேண்டியதில்லை. 2017இல் அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது பணிகள் ஆயக்கட்டுதாரர்களின் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம், 2000இன்கீழ் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களிலும் உறுப்பினராவதற்கான அடிப்படை நிலவுடைமைதான். மண்வெட்டி பிடித்தவருக்கு அச்சங்கத்தில் வாக்கு இல்லை.

வாய்க்கால் கரையில் குடிசை போட்டு வாழ்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், பண்ணையாரின் நிலத்தில் குடியிருந்த தொழிலாளருக்கு அந்த மனையை உரிமையாக்கியது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் நாள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டங்களில் அதுவும் ஒன்று. அச்சட்டம் எட்டாத குடும்பங்கள் ஆற்றுப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் தங்கின. இப்போது தூர்வாரும் திட்டம் வரும்போதெல்லாம், 1905ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. நீர் மேலாண்மை என்ற சொல் சேரிக்குள் முதன்முதலாக நுழைவது பல நேரங்களில் இந்த அறிவிப்பின் வடிவில்தான்.

சுடுகாட்டுப் பாதையும் இதில் சேரும். பிணத்தைச் சுமந்து வயல்வரப்பிலும் வாய்க்காலிலும் இறங்கிச் செல்லும் காட்சி டெல்டாவுக்குப் புதிதன்று. பாசன நீர் நிறைந்த மாதங்களில் அந்த வழியும் மூழ்கிவிடும். 2016 ஜனவரியில் வழுவூரை அடுத்த திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதை வழியே உடலைக் கொண்டுசெல்லலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், காவல்துறையே உடலை வேறு வழியில் கொண்டுசென்று அடக்கம் செய்தது.

நீர் தாமதமானால் எது முதலில் அழிகிறது?

பயிர் என்று எல்லோரும் சொல்வார்கள். பயிருக்கு முன்பே அழிவது வேலை. ஜூனில் நீர் வந்தால் குறுவை. அறுவடைக்குப் பின் தாளடி. இரண்டு நடவு, இரண்டு களையெடுப்பு. நீர் வராவிட்டால் ஒற்றைச் சம்பா மட்டும். அதுவும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் நீர் நிச்சயமில்லை என்றால், நாற்றங்கால் விட்டுக் காத்திருக்க விவசாயி துணிய மாட்டார். மழையை நம்பிப் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுவார். நேரடி விதைப்பில் விளைச்சல் ஓரளவு கைக்கு வரலாம். நடவு வேலை முற்றிலும் இல்லாமல் போகும். நாற்றுப் பறிப்பும் நடவும் பெரும்பாலும் பெண்களின் வேலை. கீழைத் தஞ்சையில் பெரும்பாலும் தலித் பெண்களின் வேலை. அறுவடையை இயந்திரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆக, எல்லைக்கு அப்பால் ஒரு மதகு மூன்று வாரம் தாமதமாகத் திறக்கப்படுவதன் விலையை முதலில் கட்டுபவர் செம்பனார்கோயில் ஒன்றியத்தின் ஒரு சேரியில் இருக்கும் பெண். உழவர் தன் விதைப்பு முறையை மாற்றி இழப்பைக் குறைத்துக்கொள்கிறார். அந்த மாற்றமே அவளுக்கு முழு இழப்பு.

நிவாரணம் எப்படி வழங்கப்படுகிறது? 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோது நெல்லுக்கு ஏக்கருக்கு ரூ.5,465. 2023இல் கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு ரூ.13,500. மனுவோடு சிட்டாவும் அடங்கலும் இணைக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் அதே தாள்கள். வாய்மொழிக் குத்தகைதாரர் கிராம நிர்வாக அலுவலரின் தயவில் நிற்பார். கூலித் தொழிலாளரிடம் காட்டத் தாளே கிடையாது. 2017இல் நூறு நாள் வேலை 150 நாளாக உயர்த்தப்பட்டது உண்மை. அது வேலை செய்தால் கிடைக்கும் கூலி. இழந்த வேலைக்கான ஈடாகாது. நிலமுள்ளவருக்கு இழப்பீடு, நிலமற்றவருக்கு இன்னும் கொஞ்சம் மண் வெட்டும் வேலை என்று அரசு பிரித்தது.

குடும்பத்தை அலகாகக் கொண்டு நிவாரணம் தர நிர்வாகத்தால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 நவம்பர் 11ஆம் நாள் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியபோது, சீர்காழி, தரங்கம்பாடி ஆகிய இரு வட்டங்களிலும் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.1,000 வழங்கப்பட்டது. தொகை சிறிது. முறை சரியானது: அட்டை இருந்தால் போதும், பட்டா தேவையில்லை. வெள்ளத்துக்குச் செய்ததை வறட்சிக்கும் தாமதமான நீருக்கும் செய்ய ஏதேனும் சட்டத் தடை உண்டா என்று தேடினேன்; இல்லை.

இதையெல்லாம் இப்போது பேசினால் கர்நாடகத்துக்கு எதிரான தமிழ்நாட்டின் வழக்கு பலவீனமாகும் என்று நண்பர்கள் சிலர் எச்சரிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏக்கர் கணக்கு மட்டும் பேசும் தமிழ்நாட்டிடம், குறைந்த நீர்ப் பயிருக்கு மாறுங்கள், நிலத்தடி நீரை எடுங்கள் என்று நீதிமன்றம் எளிதாகச் சொல்லிவிடலாம். இத்தனை லட்சம் மக்களின் வேலை நாட்கள் இந்த மாத நீரில் தொங்குகின்றன என்ற சான்றை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. மேலும் மண்டியாவின் கரும்பு வயல்களிலும் வெட்டுக்கூலிக்குப் போகிறவர்களில் நிலமற்ற தலித்துகள் உண்டு. 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, உடைமையை விட்டு ஓடியவர்களில் பெரும்பகுதியினர் கூலி வேலைக்குப் போனவர்கள். 2003இல் இரு மாநில உழவர்களும் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் நேருக்கு நேர் அமர்ந்து பேசியது மதிக்கத்தக்க முயற்சி. உழவர்கள் பேசினார்கள். உழவர்களின் வயலில் வேலை செய்பவர்கள் இரு புறமிருந்தும் அப்படி அமர்ந்தால் மேசையில் வேறு கேள்விகள் வைக்கப்படும்.

சட்டத்தில் இன்று கையில் இருப்பது என்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 3(1)(ஜி) பட்டியலினத்தவரின் நிலத்தைப் பறிப்பதோடு, நீர் அல்லது பாசன வசதியின்மேல் அவருக்குள்ள உரிமையை அனுபவிப்பதில் தலையிடுவதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. நம் காவல் நிலையங்களில் இந்தப் பிரிவு மிக அரிதாகவே எழுதப்படுகிறது. கள்ளமடைப் புகாரில் இழிசொல் சொன்னாரா என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். எது நிலத் தகராறு, எது சாதியக் குற்றம் என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்த பிறகு, எல்லாவற்றையும் சிவில் வழக்கு என்று தள்ளும் போக்கும் கூடியிருக்கிறது. ஆகவே புகாரிலேயே மூன்றைத் தெளிவாக எழுத வேண்டும்: எந்த வாய்க்கால், எந்த மடை, எந்த நாள், மேல்மடையில் பிற சாதியினரின் வயல்கள் அதே நாளில் நீர் பெற்றனவா, நீரை மறித்தவருக்குப் புகார்தாரரின் சாதி தெரியுமா.

இந்தப் பிரிவும் உரிமை உள்ளவரையே காக்கிறது. நிலமற்றவருக்கு அது பாதிதான் பயன்படும். அவருக்குப் பிரிவு 3(1)(இசட்ஏ) உண்டு. ஆறு, ஓடை, குளம், கிணறு, குளிக்கும் படித்துறை, இடுகாடு, பாதை ஆகிய பொது வளங்களைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்கீழ் குற்றம். மகாடில் 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது இந்தப் பிரிவின் மூதாதை எனலாம். அதே அம்பேத்கர்தான் பின்னாளில் வைஸ்ராய் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக ஆற்றுப் படுகை முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்று வாதிட்டார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அக்காலத்தது. மாநிலங்களுக்கிடை நதிநீர்த் தகராறுகளுக்கான அரசமைப்புச் சட்டத்தின் 262ஆம் பிரிவையும் 1949இல் அவையில் முன்மொழிந்தவர் அவர். குளத்து நீரையும் ஆற்றுப் படுகையையும் ஒரே மனிதர் சிந்தித்தார். நம் சட்டத்துறையோ முன்னதை வன்கொடுமைச் சட்டத்திலும் பின்னதை 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தனித்தனியே பூட்டி வைத்திருக்கிறது.

நீருரிமையை நிலத்திலிருந்து பிரிக்க முடியுமா என்றால், பிரித்திருக்கிறார்கள். மகாராட்டிரத்தின் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, குடும்பத்தின் ஆள்கணக்குப்படி நீர் வழங்கியது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. சாங்லி மாவட்டத்தில் பாரத் பாடன்கரும் தோழர்களும் நடத்திய சமநீர்ப் பங்கீட்டு இயக்கமும் அதே கொள்கையை வற்புறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நீருரிமையை 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் துண்டித்தது. மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிர்ப்புக்கும் உரியதை ஒதுக்கிவைத்த பிறகே மற்றவற்றுக்கு நீர் என்று வகுத்தது. அங்கே நடைமுறையில் பங்கீடு எதிர்பார்த்த அளவு மாறவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனாலும் சட்டத்தின் அலகு மாறிவிட்டது. வாதாட ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

காவிரி டெல்டா முழுவதையும் நாளை ஆள்கணக்குக்கு மாற்றிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆணையத்தின் பற்றாக்குறைக் கணக்கில் வேலை நாட்களையும் ஓர் அளவீடாகச் சேர்க்கலாம். நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் கூலித் தொழிலாளருக்கு வாக்குள்ள இடம் தரச் சட்டமன்றமே போதும். டெல்லி செல்ல வேண்டியதில்லை. பிலிகுண்டுலுவில் அளப்பது போலக் கடைமடைக் கதவணைகளிலும் நாள்தோறும் அளந்து, ஊராட்சிப் பலகையில் எழுத நீர்வளத்துறையின் ஓர் ஆணை போதும்.

உச்ச நீதிமன்றம் 2018இல் நிர்ணயித்த பங்கீடு 15 ஆண்டுகளுக்கானது. 2033இல் கணக்கு மீண்டும் திறக்கப்படலாம். அப்போது கர்நாடகம் பெங்களூருவின் மக்கள்தொகையைக் கொண்டு வரும்; தமிழ்நாடு ஆயக்கட்டைக் கொண்டு வரும். கடைமடையின் சேரிகளிலிருந்து கொண்டு செல்ல வேண்டிய ஆவணங்களை இப்போதே தொகுக்கத் தொடங்கலாம்: ஒவ்வொரு ஆண்டும் வாய்க்காலில் முதல் நீர் வந்த நாள், நடவுக்குக் கிடைத்த வேலை நாட்கள், அடிபம்பு உப்பான ஆண்டு, நிவாரணப் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள். கதவணை நீரளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப் பத்து ரூபாய் கட்டணம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் இவற்றைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். தீர்மான ஏட்டில் எழுதியபின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏடு காணாமல் போன ஊர்களும் உண்டு.